கதவைத் தட்டிய அக்குறணை மைந்தர்: மர்ஹூம் ஏ.சீ.எஸ். ஹமீதின் வாழ்வு கற்றுத்தரும் பிராந்திய அரசியல்

ஹந்தானை மலையில் ஏறி நின்றால் ஒரு பக்கம் பேராதனைப் பல்கலைக்கழகம் தெரியும். மறுபக்கம் கண்டி நகரும் வாவியும் தெரியும். நகரைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து, மாத்தளை வீதியில் போனால் அக்குறணை. மலைகள் சூழ்ந்த இந்தச் சிறிய வட்டத்துக்குள் பிறந்து வளர்ந்த ஒருவர்தான் தொடர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் இலங்கையின் வெளிநாட்டமைச்சராக இருந்தார். மர்ஹூம் தேசமான்ய ஏ.சீ.எஸ். ஹமீத் மறைந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்றைய இளைஞர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியும், அவர் என்ன செய்தார் என்பது தெரியாது.

அவரை இப்போது நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2023இல் இலங்கை ஆர்செப் எனப்படும் ஆசிய பசுபிக் வர்த்தக உடன்பாட்டில் சேர விண்ணப்பித்தது. 2024 அக்டோபரில் ரஷ்யாவின் கசான் நகரில் பிரிக்ஸ் உச்சி மாநாடு நடந்தபோது, அந்த அமைப்பில் சேரவும் விருப்பம் தெரிவித்தது. வெளிநாட்டமைச்சர் விஜித ஹேரத் அங்கத்துவ நாடுகளின் அமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார், வெளிவிவகாரச் செயலாளர் கசானுக்குச் சென்றார். மாநாட்டின் முடிவில் பங்காளி நாடுகள் என்று பேசப்பட்ட பதின்மூன்று நாடுகளின் வரிசையில் இலங்கை இல்லை.

கதவைத் தட்டுவதும் திறக்காமல் போவதும் நமக்குப் புதிதல்ல. 1981இல் இதே நாடு ஆசியான் அமைப்பின் கதவைத் தட்டியது. அப்போது வெளிநாட்டமைச்சராக இருந்தவர் ஹமீத். அவருடைய வாழ்க்கையைப் புரட்டினால், ஒரு சிறிய நாட்டுக்குக் கூட்டமைப்புகளின் கதவுகள் ஏன் திறக்கின்றன, ஏன் மூடுகின்றன என்பது விளங்கும்.

பலசரக்கு ஊரிலிருந்து பாராளுமன்றத்துக்கு

1920களின் இறுதியில் அக்குறணையில் பிறந்தவர் ஹமீத். மிளகு, கராம்பு, சாதிக்காய், ஏலக்காய் என்று வாசனைத் திரவிய வியாபாரத்துக்குப் பெயர் போன ஊர் அது. அந்த ஊர் வியாபாரிக்கு உலகச் சந்தை என்பது தூரத்து விஷயம் அல்ல. பம்பாயிலோ டுபாயிலோ மிளகு விலை இறங்கினால் அக்குறணைக் கடையில் அன்று மாலையே பேச்சு இருக்கும்.

1960இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பில் அக்குறணைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1977இல் ஹாரிஸ்பத்துவ இரட்டை அங்கத்தவர் தொகுதியிலிருந்து தெரிவானார். விகிதாசாரத் தேர்தல் முறை வந்த பின்னர் கண்டி மாவட்டத்திலிருந்து தெரிவானார். அவரை அனுப்பிய வாக்காளர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள், பெருந்தொகையான சிங்களவர்களும் இருந்தார்கள். முஸ்லிம்களுக்கென்று தனிக் கட்சி தோன்றுவதற்கு முந்திய தலைமுறையின் அரசியல் அது. பெரும்பான்மைக் கட்சிக்குள் இருந்துகொண்டு, அண்டை வீட்டாரின் நம்பிக்கையையும் பெற்று, சமூகத்தின் தேவைகளையும் பார்ப்பதுதான் அந்த வழி. அதன் பலமும் பலவீனமும் அவருடைய வாழ்வு முழுவதும் தெரிந்தன.

பிரதமரின் பைக்குள் இருந்த அமைச்சு

சுதந்திரம் கிடைத்த நாள் முதல் வெளிவிவகாரப் பொறுப்பு பிரதமரின் கையிலேயே இருந்து வந்தது. டி.எஸ். சேனாநாயக்க முதல் சிறிமாவோ பண்டாரநாயக்க வரை அதுதான் வழமை. 1977 ஜூலையில் ஜே.ஆர். ஜயவர்தன ஆட்சிக்கு வந்தபோது அந்த வழமையை மாற்றி, வெளிவிவகாரத்துக்குத் தனி அமைச்சரை நியமித்தார். அப்படி நியமிக்கப்பட்ட முதலாமவர் ஹமீத்.

பதவியோடு ஒரு பெரும் சுமையும் சேர்ந்து வந்தது. 1976 ஆகஸ்டில் கொழும்பில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாட்டை சிறிமாவோ நடத்தியிருந்தார். அதனால் 1979 வரை இயக்கத்தின் தலைமை இலங்கையிடம் இருந்தது. மேற்கு நாடுகளை நோக்கிப் பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட அரசாங்கம் ஒன்று, கியூபாவும் வியட்நாமும் இருக்கும் இயக்கத்துக்குத் தலைமை தாங்க வேண்டிய நிலை.

இதற்கிடையில் 1979 மார்ச்சில் எகிப்து இஸ்ரேலுடன் சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. எகிப்தை இயக்கத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று அரபு நாடுகள் பல கோரின. அந்த ஆண்டு ஜூனில் கொழும்பில் கூடிய அமைச்சர்கள் கூட்டத்தில் இந்தப் பிரச்சினை வெடித்தது. எகிப்து வெளியேற்றப்படவில்லை, இயக்கமும் உடையவில்லை. செப்டம்பரில் ஹவானாவில் தலைமை பிடெல் காஸ்ட்ரோவிடம் கையளிக்கப்பட்டது. இருதரப்பும் எழுந்து போய்விடாமல் மேசையில் வைத்திருப்பது ஹமீத் அந்த ஆண்டுகளில் பழகிய கலை.

1967இல் திறந்திருந்த கதவு

ஆசியான் கதை இங்கிருந்து கொஞ்சம் பின்னால் தொடங்குகிறது. 1967 ஆகஸ்ட் 8ஆம் திகதி பேங்கொக்கில் இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் கூடி ஆசியானை ஆரம்பித்தன. சிங்கப்பூருக்காக அங்கு இருந்தவர் எஸ். ராஜரத்தினம், யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர். அன்று இலங்கையும் சேர்வதற்கு வாய்ப்பு இருந்தது என்பதை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். அப்போதைய டட்லி சேனாநாயக்க அரசாங்கம் சேரவில்லை. வியட்நாம் யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது. ஆசியான் என்பது மேற்கு நாடுகளின் நிழல் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அணிசேராக் கொள்கையில் ஊறிய நாடு ஒதுங்கி நின்றது.

பதினான்கு வருடங்கள் கழித்து நிலைமை தலைகீழாக மாறியிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. 1979இல் எயார் லங்கா ஆரம்பிக்கப்பட்டபோது அதற்குக் கைகொடுத்தது சிங்கப்பூரின் விமான நிறுவனம். இலங்கையை இன்னொரு சிங்கப்பூராக்குவதே ஜே.ஆரின் கனவு. அந்தக் கனவுக்கு ஆசியான் அங்கத்துவம் இயல்பான அடுத்த படியாகத் தெரிந்தது.

1981: ஒரே ஆண்டில் மூன்று மேசைகள்

1981ஆம் ஆண்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏப்ரலில் தெற்காசியாவின் ஏழு நாடுகளின் வெளிவிவகாரச் செயலாளர்கள் முதன்முறையாகக் கொழும்பில் கூடினார்கள். பங்களாதேஷ் ஜனாதிபதி ஸியாவுர் ரஹ்மான் முந்திய ஆண்டு முன்வைத்த யோசனையின் முதல் செயல்வடிவம் அது. மே மாதம் அபுதாபியில் ஆறு நாடுகள் சேர்ந்து வளைகுடா ஒத்துழைப்புச் சபையை அமைத்தன. ஜூனில் மணிலாவில் ஆசியான் வெளிநாட்டமைச்சர்கள் கூடினர், இலங்கையின் கோரிக்கை ஏற்கப்படவில்லை.

சொல்லப்பட்ட காரணம் புவியியல். ஆசியானின் ஸ்தாபகப் பிரகடனம் தென்கிழக்காசிய நாடுகளுக்கே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. இலங்கை தெற்காசியாவில் இருக்கிறது. வரைபடத்தோடு வாதிட முடியாது.

ஆனால் வரைபடத்துக்குப் பின்னால் வேறு கணக்குகளும் இருந்தன. அந்த நாட்களில் ஆசியானின் பிரதான கவலை கம்போடியா. அங்கே வியட்நாம் படையெடுத்து அமைத்த அரசாங்கத்தை ஆசியான் எதிர்த்தது. இந்தியாவோ 1980 ஜூலையில் அதே அரசாங்கத்தை அங்கீகரித்திருந்தது. அந்த நேரத்தில் ஆசியானுக்குள் நுழைவது என்பது, வாசலில் இருக்கும் பெரிய அயலவருக்கு எதிர் வரிசையில் போய் உட்காருவதற்குச் சமம். உள்ளே எடுப்பவர்களும் அதை யோசிக்கத்தானே செய்வார்கள்? இந்தியாவோடு உள்ள ஒவ்வொரு பிணக்கையும் இலங்கையோடு சேர்த்து வீட்டுக்குள் கொண்டுவர எந்த நாடு விரும்பும்?

பொருளாதாரக் கணக்கும் இலங்கைக்குச் சாதகமாக இருக்கவில்லை. அன்று நாம் விற்றது தேயிலை, இறப்பர், தெங்கு. மலேசியாவும் இந்தோனேசியாவும் தாய்லாந்தும் இறப்பரில் நமக்குப் போட்டி, பிலிப்பைன்ஸ் தெங்கில் போட்டி. ஒரே சரக்கை விற்கும் கடைக்காரர்கள் சங்கம் அமைப்பது கடினம். அக்குறணை வியாபாரியின் மகனுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லியிருக்கத் தேவையில்லை.

சார்க்: பிணக்கைப் பேசக்கூடாத வீடு

கிழக்குக் கதவு மூடியதும் மிஞ்சியது சொந்த முற்றம். 1983 ஆகஸ்ட் தொடக்கத்தில் தெற்காசிய வெளிநாட்டமைச்சர்கள் புதுடில்லியில் கூடினார்கள். கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்து சில நாட்களே ஆகியிருந்தன. 1985 டிசம்பர் 7, 8ஆம் திகதிகளில் டாக்காவில் சார்க் முறையாகப் பிறந்தது. அந்த அடித்தளக் கூட்டங்கள் முழுவதிலும் இலங்கையின் வெளிநாட்டமைச்சர் ஹமீத்தான்.

சார்க் சாசனத்தில் இரண்டு விதிகள் முக்கியமானவை. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக இருக்க வேண்டும். இருதரப்புப் பிணக்குகளைப் பேசக்கூடாது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையிலான பகையைத் தாண்டி ஒரு வீடு கட்ட வேண்டுமானால் வேறு வழியும் இருக்கவில்லை. ஆனால் அதற்கான விலையை இலங்கை விரைவிலேயே செலுத்தியது. 1987 ஜூன் 4ஆம் திகதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்டன. சார்க் பிறந்து இரண்டு வருடம் கூட ஆகவில்லை. அதன் மேசையில் அதை ஒரு பிணக்காக வைக்க விதியில் இடமில்லை.

அடுத்த மாதம், ஜூலை 29ஆம் திகதி, இந்திய இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தானது. அதோடு பரிமாறப்பட்ட கடிதங்களைப் படித்தால் பிராந்திய அரசியலின் உண்மையான விதிகள் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் இராணுவத்துக்கும் கொடுக்கக்கூடாது. எண்ணெய்க் குதங்களை இந்தியாவோடு சேர்ந்து புனரமைக்க வேண்டும். வெளிநாட்டு வானொலி நிலையங்களும் வெளிநாட்டு இராணுவ, உளவு ஆலோசகர்களும் மீளாய்வு செய்யப்பட வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தைகளில் முன்னால் நின்றவர்கள் ஜே.ஆரும் காமினி திசாநாயக்கவும். பத்து வருடம் உலகம் சுற்றிய வெளிநாட்டமைச்சர் அங்கே முன்வரிசையில் இருக்கவில்லை.

ஜூலை 1983 வாங்கிய விலை

கூட்டமைப்புகளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் வெளியே பார்க்கிறோம். ஹமீதின் காலத்தில் மிகப் பெரிய கதவை மூடியது வெளியார் அல்லர். 1983 வரை மோட்டரோலா, ஹரிஸ் போன்ற இலத்திரனியல் நிறுவனங்கள் கட்டுநாயக்கவில் ஆலை அமைக்கத் திட்டமிட்டிருந்தன. கலவரத்தின் பின்னர் அந்தத் திட்டங்கள் கைவிடப்பட்டன. அதே தொழில் மலேசியாவின் பினாங்கில் வேரூன்றி ஆயிரமாயிரம் பேருக்கு வேலை கொடுத்தது. சொந்தப் பிரஜைகளின் கடைகளை எரிக்க விட்ட நாடு, வெளிநாட்டுக்காரனிடம் வந்து கடை போடு என்று எப்படிக் கேட்பது?

அந்த வருடங்களில் ஒரு வெளிநாட்டமைச்சரின் வேலை, போகுமிடமெல்லாம் வீட்டில் எரியும் நெருப்பைப் பற்றி விளக்கம் சொல்வதாக மாறியது. சிறுபான்மையைச் சேர்ந்த ஒருவரே இலங்கையின் முகமாக நின்றது நாட்டுக்குப் பெரும் பயனளித்தது. அந்த முகத்தைக் காட்டி வாங்கிய நல்லெண்ணத்தை நாடு உள்ளே எப்படிச் செலவழித்தது என்பது வேறு கதை.

வாக்குகளுக்கும் ஒரு கணக்கு இருந்தது. 1982 நவம்பரில் போக்லண்ட் தீவுகள் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் தீர்மானம் வந்தபோது எதிர்த்து வாக்களித்தவை பிரித்தானியா உட்பட பன்னிரண்டு நாடுகள். அதில் இலங்கையும் ஒன்று. அணிசேரா நாடுகள் பல முகம் சுளித்தன. கண்டிக்கு அருகே விக்டோரியா அணை அப்போது பிரித்தானிய உதவியோடுதான் எழுந்து கொண்டிருந்தது. பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியது. 1985 ஏப்ரலில் பிரதமர் மார்கரெட் தாட்சர் அணையைப் பார்க்க வந்தார்.

சமூகம் கேட்ட கேள்வி

ஹமீதைப் பற்றி எழுதும்போது கடந்து போக முடியாத விடயம் இஸ்ரேல். 1970இல் சிறிமாவோ அரசாங்கம் கொழும்பிலிருந்த இஸ்ரேலியத் தூதரகத்தை மூடியது. 1984இல் ஜே.ஆர். அரசாங்கம், வடக்கின் ஆயுதப் போராட்டத்தை எதிர்கொள்ள இராணுவ, உளவுப் பயிற்சி தேடி, அமெரிக்கத் தூதரகத்துக்குள் இஸ்ரேலிய நலன் காக்கும் பிரிவைத் திறக்க அனுமதித்தது. முஸ்லிம்கள் வீதிக்கு இறங்கினார்கள். வெளிநாட்டமைச்சர் ஒரு முஸ்லிம் என்பதால் கேள்வி அவரை நோக்கியே வந்தது. அவர் இராஜினாமா செய்யவில்லை.

அதைத் தவறு என்று அன்று சொன்னவர்கள் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபத்தில் நியாயம் இருந்தது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். அந்த வருடங்களில் இலங்கையிலிருந்து இலட்சக்கணக்கானோர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனார்கள், நம் தேயிலையை வாங்கியவர்களிலும் மத்திய கிழக்கு நாடுகள் முன்னணியில் இருந்தன. இஸ்ரேலியப் பிரிவு கொழும்பில் இருந்தபோதும் அந்த வாசல்கள் மூடப்படவில்லை. அதைத் திறந்து வைத்திருக்க அரபுத் தலைநகரங்களில் அறிமுகமான ஒருவர் அமைச்சில் இருந்தது உதவியது என்பது என் கருத்து. 1990இல் ஜனாதிபதி பிரேமதாச அந்தப் பிரிவை மூடினார். அமைச்சுக் கதிரையில் இருந்துகொண்டு எதிர்ப்பதா, எழுந்து போய் எதிர்ப்பதா என்ற கேள்விக்கு நம் சமூகம் இன்னும் விடை காணவில்லை. காஸாவின் துயரத்துக்கு மத்தியில் இஸ்ரேலுக்கு நம் தொழிலாளர்கள் போவதைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி திரும்பவும் வருகிறது.

பிந்திய ஆண்டுகள்

1989இல் பிரேமதாச ஜனாதிபதியானதும் ஹமீதின் அமைச்சு மாறியது. உயர்கல்வியும் பின்னர் நீதியும் அவர் பொறுப்பில் வந்தன. ஆனால் அவருக்குக் கிடைத்த மிகக் கடினமான பணி விடுதலைப் புலிகளோடு பேசுவது. 1990 ஜூனில் கிழக்கில் யுத்தம் மீண்டும் வெடித்த நாட்களில், சமாதானத்தைக் காப்பாற்ற முடியுமா என்று பார்க்க அவர் யாழ்ப்பாணம் சென்றார். முடியவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடி, ஏறாவூர் படுகொலைகள் நடந்தன. அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டார்கள். மேசையில் பேசிப் பழகிய மனிதருக்கு அது எத்தகைய வருடமாக இருந்திருக்கும்!

1993 மே முதலாம் திகதி பிரேமதாச கொல்லப்பட்டார். கண்டி மாவட்டத்தைச் சேர்ந்த டி.பி. விஜேதுங்க ஜனாதிபதியானார். ஹமீத் மீண்டும் வெளிநாட்டமைச்சரானார், 1994இல் ஆட்சி மாறும் வரை. அவர் ஒதுங்கியிருந்த வருடங்களிலேயே சார்க்கின் பலவீனம் வெளிப்பட்டிருந்தது. 1991 நவம்பரில் கொழும்பில் நடக்கவிருந்த உச்சி மாநாடு, பூட்டான் மன்னரால் வர முடியாததாலும் அதனால் இந்தியா வர மறுத்ததாலும் தள்ளிப்போய் டிசம்பரில் ஒரே நாளில் முடிந்தது. ஆனாலும் அந்த மாநாட்டில் இலங்கை வலியுறுத்திய முன்னுரிமை வர்த்தக யோசனைதான் 1993இல் சாப்டா உடன்படிக்கையாக வடிவெடுத்தது.

1999 செப்டம்பர் 3ஆம் திகதி ஹமீத் காலமானார். அதே ஆண்டு ஏப்ரலில் கம்போடியா ஆசியானில் சேர்ந்திருந்தது. அதற்கு முன் 1995இல் வியட்நாம் சேர்ந்தது. 1981இல் ஆசியானின் எதிரிகளாக இருந்தவர்கள் உள்ளே போனார்கள், நண்பனாகத் தட்டிய நாம் வெளியே நின்றோம்.

அக்குறணைக் கடையிலிருந்து பார்த்தால்

இந்தப் பாடம் தலைநகரங்களுக்கு மட்டும் உரியதல்ல. 1998இல் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய இலங்கை சுதந்திர வர்த்தக உடன்பாட்டின் கீழ் வருடத்துக்கு 2,500 தொன் மிளகைத் தீர்வையின்றி இந்தியாவுக்கு அனுப்பலாம். வியட்நாம் மிளகு இலங்கை வழியாக இலங்கைச் சரக்காக வருகிறது என்று தென்னிந்திய விவசாயிகள் குற்றஞ்சாட்டினார்கள். 2017 டிசம்பரில் இந்தியா மிளகு இறக்குமதிக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபாய் என்று குறைந்தபட்ச விலை வைத்தது. அடி விழுந்தது கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மிளகுத் தோட்டக்காரர் தலையில். உடன்பாட்டில் கையெழுத்து இருந்தால் மட்டும் போதாது, நம் சரக்கு நம்முடையதுதான் என்று நிரூபிக்கும் நேர்மையும் வேண்டும்.

ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்குத் திமோர் 2011இல் ஆசியானுக்கு விண்ணப்பித்தது. நம்மை விடப் பல மடங்கு சிறிய, வறிய நாடு. பதினான்கு வருடம் சட்டங்களைத் திருத்தி, அதிகாரிகளைப் பயிற்றி, கூட்டம் கூட்டமாகப் போய் உட்கார்ந்து, 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் பதினோராவது அங்கத்தவரானது. அதற்கு வரைபடம் சாதகம், உண்மைதான். ஆனால் விடாப்பிடியும் இருந்தது. நாமோ தேர்தலுக்குத் தேர்தல் திசை மாறுகிறோம். 2018இல் சிங்கப்பூரோடு உடன்பாடு செய்தோம், ஆட்சி மாறியதும் அதையே சந்தேகித்தோம். 2022 மார்ச்சில் வங்காள விரிகுடா நாடுகளின் பிம்ஸ்டெக் உச்சி மாநாட்டைக் கொழும்பு நடத்தி, அதன் சாசனத்தில் கையெழுத்திட வைத்தது. இரண்டு வாரம் கழித்து நாடு கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று அறிவித்தது. எரிவாயு வரிசையில் நின்ற மக்களுக்கு அந்தச் சாசனம் நினைவிருக்குமா?

சார்க்கின் கடைசி உச்சி மாநாடு 2014இல் காத்மண்டுவில் நடந்தது. அதன் பின்னர் இந்தியா பாகிஸ்தான் பகை அந்த வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறது. ஆகவே இலங்கை கிழக்கிலும் வடக்கிலும் புதிய கதவுகளைத் தேடுவதில் தவறில்லை. ஆர்செப் ஆகட்டும், பிரிக்ஸ் ஆகட்டும், உள்ளே இருப்பவர்கள் கேட்கப்போவது மூன்று கேள்விகள். நீ என்ன கொண்டுவருகிறாய்? உன் அயலவரோடு உனக்கு என்ன கணக்கு? உன் வீட்டுக்குள் நிம்மதி இருக்கிறதா?

1981இல் இந்த மூன்றுக்கும் நம்மிடம் நல்ல பதில் இருக்கவில்லை. பதில் இல்லாத கேள்விகளோடு உலகம் சுற்றி, முடிந்தவரை நாட்டின் மானத்தைக் காத்தவர் ஹமீத். முதல் இரண்டு கேள்விகளை அமைச்சர்களும் அதிகாரிகளும் பார்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது கேள்விக்கு 1983இல் கொழும்பும், 2018இல் திகனையும் கொடுத்த பதிலை உலகம் பார்த்தது. அந்தப் பதிலை மாற்றும் பொறுப்பு கண்டியில் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் வியாபாரம் செய்யும் நம் எல்லோருக்கும் உண்டு. அண்டை வீட்டாரின் வாக்கோடு பாராளுமன்றம் போன அந்த அக்குறணை மைந்தரின் அரசியலில் நாம் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியது அதுவே.

வல்ல அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்றுக்கொள்வானாக.